வடக்கு எந்தப் பக்கம்

டேப் அக்காவுக்கு அறிவியல் மட்டும்தான் பாக்கி. பெரியவர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வில் மற்ற எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் தாண்டியவள், அறிவியலில் மட்டும் போன முறை குப்புற விழுந்தாள். விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள். "அதனால என்ன அக்கா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தையல் கூடத்தில் ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் வந்த பெயர் அது. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை, பஸ்காரர்களின் சீருடை எல்லாம் தைக்கும் பெரிய கூடத்தில் அவள் வெட்டு மேஜைக்காரி. அந்தக் கூடத்தை ஒட்டிப் புதிதாகப் பயிற்சி நிலையம் ஒன்று திறக்கிறார்கள். துணி வெட்டச் சொல்லித்தருகிற வேலை அவளுக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எட்டாவது தேறிய சான்றிதழ் மட்டும் வேண்டும். இந்த முறையும் தவறிவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவோம் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அவளுக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு ஆசை. அடுத்தவர் போட்ட கோட்டின் மேலேயே இத்தனை வருஷமாகக் கத்திரியை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கோட்டை ஏன் அங்கே போடுகிறோம், இங்கே ஏன் போடக்கூடாது என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குள் எத்தனையோ நாளாக ஒரு அரிப்பு. அதற்குக் குறுக்கே வந்து நிற்கிறது பாருங்கள், விசையும் ஆற்றலும் காந்தமும் ஒளியும்!

அவள் புருஷன் பஸ் டிரைவர். தெருவில் எல்லோரும் அவரை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். சாது. வண்டியில் ஹாரன் அடிப்பதைக்கூட எதிராளியிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அடிப்பவர். அவர் போடுகிற காக்கிச் சட்டை, பேண்ட் எல்லாம் மனைவி கையால் தைத்தவை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நிற்கும்போது இடது கால் பேண்ட்டை மட்டும் அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். அது அவர் பழக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மாடி வீட்டில் டிரைவரின் தங்கை. பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. நாத்தனார் என்றால் முறைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சட்டத்தைப் படித்ததே இல்லை. வேலை விட்டு வந்ததும் டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்து, அண்ணியின் புத்தகத்தைப் பிடுங்கிக் கேள்வி கேட்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

"விசைன்னா என்ன, சொல்லுங்க அண்ணி."

"தள்ளுறது இல்லைன்னா இழுக்கிறது. அளவு நியூட்டன்ல."

"கத்திரிக்கோல்?"

"நெம்புகோல். ஆணி நடுவுல இருக்கு. கெட்டித் துணியா இருந்தா ஆணிக்குப் பக்கத்துல வச்சு வெட்டணும், நுனியில வச்சா வெட்டாது."

"அண்ணா, நிலைமம்னா என்னன்னு நீ சொல்லு பார்ப்போம்."

டிரைவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பிரேக் போட்டா நின்னுட்டு வர்றவங்க எல்லாம் முன்னாடி சாய்ஞ்சு விழுவாங்களே, அதானே?"

"அதான்."

"விழுந்துட்டு என்னைத் திட்டுவாங்களே, அதுக்கு என்ன பேரு?"

"அது பாடத்துல இல்ல" என்று டேப் அக்கா சிரித்தாள். அலமாரி மேல் வைத்திருக்கிற தையல் பெட்டியில் இருப்பது நிலையாற்றல், அது தலையில் விழுந்துகொண்டிருக்கும்போது இயக்க ஆற்றல், விழுந்த பிறகு வருவது வீக்கம் என்று டிரைவர் அவராகவே ஒரு பாடம் நடத்தினார். முகம் பார்க்கும் கண்ணாடியையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதை மூன்று பேரும் சுவரெல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காந்தம் வருகிற வரைக்கும்.

செய்முறைத் தேர்வு உண்டு என்பதால் நாத்தனார் கடையிலிருந்து சின்னதாக ஒரு திசைகாட்டி வாங்கி வந்திருந்தாள். டேப் அக்கா அதைத் தையல் மேஜை மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். மேஜையில் எதை வைத்தாலும் அதன் பக்கத்தில் இடது கையைப் பதித்துக்கொள்ளாமல் அவளால் பார்க்க முடியாது. துணியை நகராமல் பிடித்துப் பிடித்து வந்த பழக்கம். சாப்பிடும்போதுகூடத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கை அப்படித்தான் உட்கார்ந்திருக்கும். ஊசி ஆடியது, நின்றது.

"இதோ, வாசல் பக்கம் வடக்கு" என்றாள்.

"வாசலா?" டிரைவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "சமையல்கட்டு ஜன்னல் பக்கம்ல வடக்கு?"

"ஊசி சொல்லுதே."

"ஊசி சொல்லட்டும். நான் விடியக்காலையில டிப்போவை விட்டு வண்டியை வெளியே எடுத்ததும் வெயில் நேரா கண்ணுல குத்தும். கையை வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். அப்ப அது கிழக்கு. அங்கேயிருந்து நம்ம தெருவுக்குத் திரும்புற திருப்பத்தை எல்லாம் கணக்குப் பண்ணினா, வடக்கு சமையல்கட்டு பக்கம்தான்."

"நீங்க பஸ்ஸைத் திருப்புறதுக்காக பூமி திரும்புமா?"

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஊசி சமையல்கட்டைக் காட்டியது. "பார்த்தியா!" என்றார். அவள் எழுந்து வந்து பக்கத்தில் கையை ஊன்றிக் குனிந்தாள். ஊசி விர்ரென்று அவள் பக்கம் திரும்பி வாசலைக் காட்டியது. "எங்கே பார்த்தேன்?" என்றாள்.

அவருக்குத் தலை சுற்றியது. "இது கெட்டுப்போன ஊசி" என்றார்.

"நீங்க மேஜையை ஆட்டுறீங்க" என்றாள் அவள்.

வீடு இருந்த இடம் அப்படி. நாலு பக்கமும் உயரமான கட்டடங்கள். உச்சிப்பொழுதில் மட்டும் வெயில் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டுப் போய்விடும். எது கிழக்கு எது மேற்கு என்று ஜன்னலைத் திறந்து பார்த்துச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டிய நாத்தனாரோ, "அண்ணன் சொன்னா அது தப்பாத்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சண்டை மறுநாளும் தொடர்ந்தது. அதற்கு மறுநாளும். டேப் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. திசை தெரிகிறதா தெரியவில்லையா என்பதா அவளுக்குக் கவலை? புத்தகம் ஒன்று சொல்கிறது, புருஷன் வேறொன்று சொல்கிறார். புத்தகத்தையும் நம்ப முடியாது என்றால் பிறகு எதைப் படித்துத் தேறுவது? சாப்பிட உட்கார்ந்தவள் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

டிரைவர் அவள் தட்டை மூடி வைத்தார். பிறகு அறை வாசலில் போய் நின்றார்.

"இங்க பாரு. நான் இன்னிக்கு டிப்போவுல விசாரிச்சேன். நீ சொன்னதுதான் சரி. வாசல் பக்கம்தான் வடக்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நிஜமாவா?"

"ஆமா. நான்தான் திருப்பத்தை எல்லாம் தப்பாக் கணக்குப் பண்ணிட்டேன். எழுந்து வந்து சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். அவர் எதிரில் நின்று இடது கால் பேண்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில். எழுத்துத் தேர்வு முதல் நாளே முடிந்துவிட்டது, சுமாராகத்தான் எழுதியிருந்தாள். செய்முறையில் நன்றாகச் செய்தால்தான் கரையேற முடியும் என்று அவளுக்கே தெரியும். டிரைவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து வெளி கேட்டில் நின்றுகொண்டார். உள்ளே போனதும் கழுத்து டேப்பை ஒரு தடவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மேஜைகள். ஒவ்வொன்றாக முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். தேர்வு நடத்த வந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். "ஒரு மேஜையை முடிச்சிட்டா திரும்ப அந்த மேஜைக்குப் போகக்கூடாது, அடுத்தவங்க வந்துடுவாங்க. ஆனா மணி அடிக்கிற வரைக்கும் உங்க தாள்ல என்ன வேணா எழுதலாம், திருத்தலாம்" என்றாள்.

முதல் மேஜை, விசை. மரக்கட்டையை வில்தராசில் மாட்டி, வெறும் பலகையில் ஒரு தடவையும் கம்பளித் துணியில் ஒரு தடவையும் இழுத்துப் பார்த்து எழுத வேண்டும். துணியைப் பார்த்ததும் டேப் அக்காவுக்கு உயிர் வந்தது. கம்பளியில் கட்டை நகராமல் சண்டித்தனம் பண்ணும் என்று தொடாமலே தெரியும். அளந்து எழுதினாள், உராய்வு என்று காரணமும் எழுதினாள்.

இரண்டாவது, ஆற்றல். சரிவுப் பலகையில் குண்டை உருட்டிவிட்டு, எவ்வளவு உயரத்திலிருந்து விட்டால் கீழே இருக்கிற டப்பாவை எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும். அலமாரி மேலிருக்கிற தையல் பெட்டியை நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

மூன்றாவது, காந்தம். திசைகாட்டி ஒன்று, வெற்றுத் தாள் ஒன்று. இந்த அறையின் படத்தைப் போட்டு வடக்கு எது என்று அம்புக்குறி போட வேண்டும். அவ்வளவுதான். தாளை நகராமல் இடது கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஊசி ஆடி நின்றது. இடது பக்கத்து ஜன்னலைக் காட்டியது. ஜன்னல், கதவு, பின்னால் கடிகாரம் மாட்டியிருந்த சுவர் எல்லாவற்றையும் வரைந்து, ஜன்னலை நோக்கி நல்ல தடிமனாக ஒரு அம்பு போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போடலாம், வீட்டில் எத்தனை தடவை பார்த்தது!

நாலாவது மேஜை அதே ஜன்னலை ஒட்டி இருந்தது. உட்கார்ந்ததும் வெயில் பளீரென்று கண்ணில் குத்தியது. கையை வைத்து மறைத்துக்கொண்டாள். கண்ணாடியை வைத்து இந்த வெயிலைத் திருப்பிச் சுவரிலுள்ள புள்ளியில் விழச் செய்து கோணத்தை வரைய வேண்டும். கண்ணாடியைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காலை வேளை. வெயில் நேராகக் கண்ணில் குத்துகிறது. கையை வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன் என்ற டிரைவரின் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. அப்படியானால் இந்த ஜன்னல் கிழக்கு. தடிமனாக அம்பு போட்டு வடக்கு என்று எழுதிவிட்டு வந்தோமே, அதே ஜன்னல்!

சூரியன் வடக்கே உதிக்குமா? உதிக்காது. அப்படியென்றால் ஊசி பொய் சொல்லியிருக்கிறது. வீட்டு ஊசி கெட்டுப்போனது என்றால் சரி, ஊரிலுள்ள ஊசியெல்லாமா அவளுக்கென்று கெட்டுப்போகும்? புத்தகத்தை நம்புவதா, அவரை நம்புவதா என்று மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றாள். அம்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினால், ஒருவேளை அம்புதான் சரியென்று ஆகிவிட்டால், இருக்கிற மார்க்கும் போய்விடும். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. சரி, கையிலிருக்கிற வேலையை முதலில் முடிப்போம் என்று தாளை இழுத்து இடது கையால் பிடித்தாள்.

தாள்களைச் சேர்த்து மாட்டியிருந்த கிளிப் நழுவி மேஜையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் துள்ளி வந்து அவள் இடது மணிக்கட்டில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவள் அதைப் பார்த்தாள்.

மணிக்கட்டில் குண்டூசி மெத்தை. கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கொள்வது. தைக்கும்போது குண்டூசிகளைக் குத்தி வைத்துக்கொள்ளச் சின்னப் பஞ்சு மெத்தை, அடியில் ஒரு காந்தம். ஊசி கீழே விழுந்தால் குனிந்து தேடி அவள் முதுகு ஒடிகிறதே என்று, பழுதான பஸ் ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்தெடுத்து டிரைவரே உள்ளே வைத்துக் கட்டிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில். அன்றிலிருந்து குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அவள் அதைக் கழற்றியதில்லை. அது காந்தம் என்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. 'திசைகாட்டியின் அருகில் வேறு காந்தம் இருத்தல் கூடாது' என்று நாத்தனாரிடம் எத்தனை தடவை மனப்பாடமாக ஒப்பித்திருப்பாள்! ஒப்பிக்கும்போதும் இந்த மெத்தை கையில்தான் இருந்தது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. மெத்தையைக் கழற்றி மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள். ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே கிழக்கு. அப்படியானால் இடது கைப் பக்கம் வடக்கு. இடது கைப் பக்கம் கடிகாரம் மாட்டிய சுவர்.

அம்பை அடித்தாள். கடிகாரச் சுவரை நோக்கி இன்னொரு அம்பு போட்டாள். கீழே எழுதினாள்: "முதலில் போட்ட அம்பு தவறு. என் கையில் காந்தம் இருந்ததால் ஊசி அதன் பக்கம் திரும்பிவிட்டது. காலை வெயில் ஜன்னல் வழியாக வருவதால் அது கிழக்கு. எனவே வடக்கு கடிகாரம் இருக்கும் சுவர்." பிறகுதான் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் புள்ளியில் விழவைத்தாள். கோணத்தை வரைந்து முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

தாளை வாங்கிய அம்மாள் படித்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடியை ஒருவழியாகக் கண்டுபிடித்து மூக்கில் மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். "அதைக் கொஞ்சம் குடுங்க" என்று குண்டூசி மெத்தையை வாங்கிக்கொண்டு போய் மூன்றாவது மேஜைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் நீட்டினாள். ஊசி சுற்றிக்கொண்டு வந்தது. எடுத்தாள், ஊசி கடிகாரச் சுவருக்குத் திரும்பியது. மறுபடி நீட்டினாள், மறுபடி எடுத்தாள். விளையாட்டுச் சாமான் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில்.

"யார் செஞ்சு குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"பலமான காந்தம்" என்று சொல்லி அந்த அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். மார்க்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

டேப் அக்கா தேறினாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் உங்களுக்கு மேலே கேட்க ஓடாது. சான்றிதழ் வந்து, வேலையும் கிடைத்து, இப்போது அவள் கோடு போடச் சொல்லித்தருகிறாள். ஆனால் அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே வந்தபோது அவளுக்கு அதெல்லாம் தெரியாது. டிரைவர் மரத்தடியில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன ஆச்சு?"

"வடக்கு நீங்க சொன்ன பக்கம்தான். நம்ம வீட்டுல சமையல்கட்டு பக்கம்." குண்டூசி மெத்தையை அவர் கண் எதிரே நீட்டினாள். "இதுதான் ஊசியை இழுத்திருக்கு."

அவர் அதைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "அட, இது எனக்குத் தோணவே இல்லையே!"

"அது தோணாதது இருக்கட்டும். டிப்போவுல விசாரிச்சேன்னு சொன்னீங்களே?"

டிரைவர் மரத்தைப் பார்த்தார். மரத்தில் ஒன்றுமில்லை.

"விசாரிச்சேன். சமையல்கட்டு பக்கம்தான்னு சொன்னாங்க."

"தெரிஞ்சேவா என்கிட்ட மாத்திச் சொன்னீங்க?"

"நீ சாப்பிடாம படுத்துட்ட."

அவளுக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம், கண்ணில் தண்ணீர் நிற்கிற கோபம். "சாப்பாடு போனா போகுது! நீங்க விட்டுக்கொடுக்கலைன்னா நாம அன்னிக்கே காரணம் என்னன்னு தேடியிருப்போம். இன்னிக்கு ஜன்னல்ல வெயில் வரலைன்னா நான் தோத்துப் போயிருப்பேன். என் வேலை போயிருக்கும். உங்க பாசத்துல நான் அடுத்த வருஷமும் விசைன்னா என்னன்னு ஒப்பிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்!"

செய்தது தவறு என்று தெரிந்தவர் நிற்கிற மாதிரி நின்றார். அவளுக்கே மனசு கேட்கவில்லை. குரலை இறக்கினாள்.

"இனிமே நான் தப்புன்னா தப்புன்னு சொல்லணும். என் மூஞ்சி எப்படிப் போனாலும் சரி. சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா." கொஞ்ச தூரம் நடந்தார்கள். டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படின்னா ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"நீ தைக்கிற பேண்ட் எல்லாத்துலயும் இடது கால் கொஞ்சம் குட்டை."

அவள் நடுத்தெருவில் நின்றாள். போகிறவர் வருகிறவர் யாரையும் பார்க்காமல் மண்டியிட்டு, கழுத்திலிருந்து டேப்பை உருவி வலது காலை அளந்தாள். இடது காலை அளந்தாள். மறுபடி வலது காலை அளந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"முதல் பேண்ட்லேர்ந்து."

அவர் அளவை ஒரே ஒரு தடவைதான் எடுத்திருந்தாள், கல்யாணமான புதிதில்; அப்போதே இடது கால் அளவைக் குறைத்து எழுதிவிட்டிருக்கிறாள். அதே அளவை வைத்துத்தான் இத்தனை வருஷமும் வெட்டிவந்தாள். இத்தனை வருஷமும் அவர் அதை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் அங்கேயே, தெருவிலேயே, டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவரை முக்காலி மேல் ஏற்றி நிறுத்தினாள். நாத்தனார் டீ டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். டேப் அக்கா இடது காலின் மடிப்பைப் பிரித்து இறக்கி, குண்டூசிகளைக் குத்தி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்கு இரண்டு காலும் சமமாக இருந்தன.

"இப்ப சரியா இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போல் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"இன்னும் ஒரு நூல் அளவு இறக்கணும்" என்றார்.

அவள் மறுபேச்சு பேசாமல் மண்டியிட்டு, குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள்.